மதலைமுத்து வாத்தியாரின் பயிற்சி வருஷம்

1936-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. பயிற்சிச் சான்றிதழ் இல்லாத வாத்தியார்கள் அடுத்த வருஷம் ஜூனுக்கு மேல் வகுப்பெடுக்கக் கூடாது என்று அதில் கண்டிருந்தது. பிரேசர் டவுனில் மாதா கோயிலை ஒட்டியிருந்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் இல்லாதவர் ஒருவர்தான். ஐந்தாம் வகுப்பு மதலைமுத்து.

அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மெட்ரிக் முடித்துச் சில வருஷம் கழித்து, வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்து சேர்ந்தவர். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. கணக்குதான் அவருடைய பாடம். சரியான விடை சொல்கிற பிள்ளையைத் தலையசைத்து உட்கார வைத்துவிடுவார். தப்பாகச் சொன்னால் விடமாட்டார். "இரு, இரு, இது எப்படி வந்துச்சு? சொல்லு, கேப்போம்" என்று பலகைக்கே கூட்டிவந்து, அந்தப் பிள்ளை தடம் மாறின இடம் வரைக்கும் கூடவே போவார். அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். வகுப்பில் தப்புச் சொல்லப் போட்டி போட்ட பிள்ளைகள்கூட உண்டு.

பள்ளி மேனேஜர் ரெமிஜியஸ் சாமியார் காகிதத்தைக் காட்டிவிட்டு, தானே ஏற்பாடும் சொன்னார்.

"அல்சூர் டிரெயினிங் ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கேன் முத்து. பத்து மணிக்குத்தான் அங்க ஆரம்பிக்கிறாங்க. நீ ஏழரைக்கு வந்து ஒன்பதரை வரைக்கும் உன் கிளாஸ எடுத்துட்டுப் போயிடு. மத்த நேரத்த நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கெழம ஞானோபதேசமும் பாட்டுக் குழுவும் எப்பவும்போல. முடியுமில்ல?"

"முடியும் சாமி" என்றார் மதலைமுத்து. சாமியார் கேட்டு அவர் முடியாது என்று சொன்னதில்லை.

பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு பேர். அவரைத் தவிர எல்லோரும் இருபது வயதைச் சுற்றி இருந்த பையன்கள். முதல் வாரமே அவருக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஓஸ்வால்ட் மட்டும் 'அண்ணே' என்று கூப்பிட்டான்.

போதனா முறை நடத்திய மெத்தட் மாஸ்டர் வெங்கடசுப்ரமணியன். பஞ்சகச்சமும் கோட்டும் தலைப்பாகையுமாக வருவார். ஒரு நாள்கூட வகுப்புக்குப் பிந்தினதில்லை. எந்தப் பாடமானாலும் ஐந்து படிகளாகப் பிரித்தே நடத்த வேண்டும் என்பது அவருடைய சட்டம். முதலில் ஆயத்தம், பிறகு எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், விதி காணல், கடைசியில் பயன்படுத்துதல். வாத்தியார் என்ன சொல்வார், பிள்ளை என்ன பதில் சொல்லும் என்று ஒவ்வொன்றையும் இரண்டு பத்தியாக முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும். வாரத்துக்கு ஆறு பாடம், ஆறுக்கும் குறிப்பு.

"பாடம் நன்னாத்தான் இருந்தது மிஸ்டர் மதலைமுத்து" என்பார் அவர். "ஆனா மூணாவது படி எங்கே? அந்தப் பையன் தப்பாச் சொன்னான், நீங்க அவனோட போயிட்டேள். எட்டு நிமிஷம் போச்சு. குறிப்புல அது இல்லையே?"

"பையன் என்ன தப்பு சொல்வான்னு முன்னாடியே எப்படி சார் எழுதறது?"

"எழுதணும். அதுக்குத்தான் டிரெயினிங்."

அவர் கெட்ட மனிதரில்லை. மதலைமுத்துவின் குறிப்பு நோட்டைச் சிவப்பு மையால் ஒரு வரி விடாமல் திருத்தித் தருவார். மதலைமுத்து அதை மறுபடி எழுதி மறுநாள் கொண்டுபோவார்.

காலையில் நாலு மணிக்கு எழுந்து எழுதினார். ஏழரைக்குத் தன் வகுப்பு. அதன் பிறகு அல்சூருக்கு சைக்கிள். மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தால் வெள்ளிக்கிழமைகளில் பாட்டுக் குழு ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசை, அதன் பிறகு பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பு. ஜூலை, ஆகஸ்ட் இப்படியே ஓடியது. நான்கு மாதம் ஒருவன் எதையும் தாங்கலாம் என்று நினைத்துக்கொண்டார். மழை முடிந்தபோது அந்த நான்கு மாதம் ஓடியிருந்தது; பாக்கி இன்னும் ஆறு மாதம் இருந்தது.

அக்டோபரில் ஒரு காலை, அவருடைய சொந்த வகுப்பில் அலெக்சாண்டர் என்ற பையன் ஏதோ ஒரு விடை சொல்ல, வகுப்பே கொல்லென்று சிரித்தது. மதலைமுத்துவுக்கு என்ன சிரிப்பு என்று புரியவில்லை. புரிந்துகொள்ளவேண்டும் என்றும் தோன்றவில்லை. "தப்பு. உக்காரு. அடுத்தவன்" என்றார். பையன் பலகைப் பக்கம் இரண்டடி வைத்தவன், திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு பெயர்கள் போகத் தொடங்கின. மூன்று வருஷமாகத் தெரிந்த பிள்ளையின் முகம் எதிரே இருக்கும்; பெயர் வராது. "நீ, நீ சொல்லு" என்று விரலை நீட்டிச் சமாளித்தார். மத்தியானம் மனைவி டோரீன் கட்டித் தந்த சோற்றை ஓஸ்வால்டுக்குக் கொடுத்துவிட்டு, பசியில்லை என்றார்.

ஒருநாள் ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றார். கூட்ஸ் வண்டி போயிற்று, கேட்டைத் திறந்தார்கள், ஜட்கா வண்டிகள் போயின. அவர் அப்படியே நின்றார். கேட்காரர் வந்து, "ஹோகி ஸ்வாமி, ஹோகி! போங்க, இன்னொரு வண்டி வருது" என்று தோளைத் தொட்டு உலுக்கிய பிறகுதான் தண்டவாளத்தைக் கடந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. அன்று பயிற்சிப் பள்ளியில் பிந்தி வந்ததாக எழுதிவிட்டார்கள்.

இதையெல்லாம் வீட்டில் அவர் சொல்லவில்லை. ஆனால் டோரீன் ஒன்றைக் கண்டாள். ஆறு வயது மகள் மௌரீன் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு, "அப்பா, அப்பா, இதப் பாருப்பா" என்று அவர் மடியில் ஏறப் போனாள். மதலைமுத்து நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கையத் தூக்கிட்டுக் கேளு" என்றார். குழந்தை இறங்கி, சுவரோரமாகப் போய் நின்று, கையைத் தூக்கிக்கொண்டது. அவர் பார்க்கவில்லை. குழந்தை கையை இறக்கவும் இல்லை. டோரீன் வந்துதான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"சாமியார்கிட்ட சொல்லி காலைக் கிளாஸ விட்டுடுங்க" என்றாள் அவள். "இல்ல, பாட்டுக் குழுவையாவது விடுங்க. நீங்க சொல்லலன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

"மார்ச்சோட முடிஞ்சுடும் டோரீன். இப்பப் போய் என்னன்னு சொல்றது? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே. காய்ச்சலா, இருமலா?"

"அது வந்தாத்தான் சொல்லுவீங்களா?"

சோம்பேறிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த நாட்களில் அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். சின்னப் பையன்கள் இருபத்தொரு பேர் செய்கிற வேலைதானே?

பிப்ரவரியில் அவருடைய விமர்சனப் பாடம் வந்தது. பயிற்சி மாணவர் ஒருவர் பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்த மாடல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த, மற்ற எல்லோரும் மெத்தட் மாஸ்டரோடு பின் பெஞ்சில் உட்கார்ந்து குற்றம் குறை எழுதுவார்கள். அவருக்கு விழுந்தது பின்னங்களைக் கூட்டுவது.

முதல் இரண்டு படியும் ஒழுங்காக நடந்தன. மூன்றாவதில் பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் எழுதி, "ரெண்டையும் கூட்டினா எவ்வளவு?" என்று கேட்டார். முன் வரிசையில் இருந்த ரங்கா என்ற பையன் எழுந்து, "அஞ்சுல ரெண்டு சார்" என்றான். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து.

பதினோரு வருஷத்தில் இந்தத் தப்பை அவர் நூறு முறை கேட்டிருப்பார். அவருக்கு மிகவும் பிடித்த தப்பு அது. இப்போது அந்தச் சொற்கள் காதில் விழுந்தன, அவ்வளவுதான். பலகையில் இருப்பவை எண்கள் என்று தெரிந்தது. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த வாக்கியம் குறிப்பில் இருந்தது. குறிப்பு மேஜையில் இருந்தது. மேஜை நாலடி தள்ளி இருந்தது. அவரால் அந்த நாலடி நடக்க முடியவில்லை. சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி நின்றார். அப்படியே பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் பெஞ்சிலேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு காத்திருந்தது. பிறகு பாமா என்ற பெண், "அது எப்படிடா? பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா பாதியவிடக் கொறைச்சலா ஆகுமா?" என்றாள். ரங்கா, "ஏன், அஞ்சுல ரெண்டு பாதியவிடக் கம்மியா?" என்றான். கைகள் எழுந்தன, வாதம் நடந்தது. கடைசியில் பாமா மதலைமுத்துவின் கையிலிருந்து சுண்ணாம்புக்கட்டியை வாங்கிப் பலகையில் ஒரு கோடு இழுத்து ஆறு துண்டாகப் பிரித்தாள். மூன்று துண்டும் இரண்டு துண்டும் ஐந்து துண்டு. "ஆறுல அஞ்சு!" என்று வகுப்பே கத்தியது. மணி அடித்தது. மதலைமுத்து அந்த நேரம் முழுவதும் ஒரு சொல் பேசவில்லை.

வெங்கடசுப்ரமணியன் எழுந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பதினெட்டு வருஷமா இந்தப் பின் பெஞ்சுல உக்காந்திருக்கேன். வாத்தியார் எப்போ வாயை மூடிண்டு இருக்கணும்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் காமிச்சார். ஏழு நிமிஷம்! உங்களுக்கெல்லாம் அந்தத் தைரியம் வருமா?"

பையன்கள் கை தட்டினார்கள். ஓஸ்வால்ட் ஓடிவந்து, "அண்ணே, பிரமாதம்!" என்று கையைப் பிடித்தான். மதலைமுத்து கையை விடுவித்துக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வயிற்றில் ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். ஆனால் சனிக்கிழமை வெங்கடசுப்ரமணியன் கூப்பிட்டு, வருகிற வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் முன்னால் அதே பாடத்தை வேறு வகுப்புக்கு அதேபோல் நடத்த வேண்டும், குறிப்பைத் திங்களன்று கொண்டுவாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதலைமுத்து நோட்டை விரித்து வைத்து உட்கார்ந்தார். ஆயத்தம் எழுதினார். எடுத்துரைத்தல் எழுதினார். மூன்றாவது படியில், 'ஆசிரியர் பெஞ்சில் உட்காருவார். பேசமாட்டார்' என்று எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து எழுத்தின்மேல் சொட்டி மை கலைந்தது. டோரீன் வந்தபோது பேனா இன்னும் கையில் இருந்தது. அவளிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். ரயில்வே கேட்டையும் சொன்னார்.

அவள் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"அன்னிக்கு நீங்க விழாம இருந்ததே பெரிசு. அதப் போயா கை தட்டினாங்க?" என்றாள். பிறகு, "நாளைக்குப் போய் உள்ளது உள்ளபடி சொல்லுங்க. இல்லன்னா நான் வந்து சொல்றேன்."

திங்கட்கிழமை அவரே போய்ச் சொன்னார். வெங்கடசுப்ரமணியன் முதலில் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"அது முறை இல்ல சார். எனக்கு ஒண்ணுமே வரல. அந்தப் பொண்ணு சாக்பீஸ வாங்கினது கூட மத்த பசங்க சொல்லித்தான் தெரியும்."

"உள்ளுக்குள்ள யோசிச்சிண்டுதானே இருந்தேள்?"

"இல்ல சார்."

மெத்தட் மாஸ்டர் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"வியாழக்கிழமை ஒரு நாப்பது நிமிஷம் மட்டும் சமாளிக்க முடியாதா? அப்பறம் ரெண்டே மாசம். இப்ப விட்டா வருஷமே போயிடும். உங்க வேலையும் போயிடும்."

"தெரியும் சார். முடியல."

முடியல என்ற அந்தச் சொல்லை மதலைமுத்து தன் வாயிலிருந்து கேட்டதே அன்றுதான். வெங்கடசுப்ரமணியன் கொஞ்ச நேரம் தன் ரெஜிஸ்டரைப் புரட்டினார். "வாயை மூடிண்டு இருக்கறதுக்கும் வாய் வராம இருக்கறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலையே" என்றார் மெதுவாக, அவரிடம் இல்லை, தனக்கே சொல்வதுபோல். பிறகு டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால், இதுவரை வந்த நாட்களை அடுத்த வருஷக் கணக்கில் சேர்க்க எழுதிப்போடுவதாகச் சொன்னார்.

டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்சாதியுமாக ரெமிஜியஸ் சாமியாரிடம் போனார்கள். சாமியார் படித்துவிட்டு வருத்தப்பட்டார். கொஞ்சம் கோபமும் பட்டார்.

"நீ ஒரு வார்த்த சொல்லலையே முத்து?"

மதலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். டோரீன்தான் பேசினாள்.

"முடியுமில்லன்னு கேட்டீங்க சாமி. முடியுமான்னு கேக்கலையே."

சாமியார் சர்ட்டிபிகேட்டை மடித்து வைத்துக்கொண்டார். பாட்டுக் குழுவை அன்றே வேறு ஆளிடம் கொடுத்தார். ஆனால் இன்ஸ்பெக்டரின் காகிதத்தை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குச் சான்றிதழோடு புது வாத்தியார் வந்தார். வந்தவன் ஓஸ்வால்ட். சேருவதற்கு முதல் நாள் அவன் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, "நான் கேட்டு வாங்கல அண்ணே" என்றான். மதலைமுத்து அவனை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுக்கச் சொன்னார். பிள்ளைகளைப் பற்றி அவன் ஏதாவது கேட்பான் என்று எதிர்பார்த்தார். அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவன் போன பிறகு மாலை வரைக்கும் படுத்திருந்தார்.

வேலை இல்லாத அந்த மாதங்களில் அவர் தூங்கினார். முதல் மூன்று வாரம் சாப்பிடவும் தூங்கவும் தவிர எதுவும் செய்யவில்லை. டோரீன் கான்வெண்டில் தையல் வேலைக்குப் போனாள். மௌரீனைப் பள்ளியில் விட்டு அழைத்துவருவது அவர் பொறுப்பு. வழியில் குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசும். ஆரம்பத்தில் அது தலைவலியாக இருந்தது. ஆகஸ்டு வாக்கில், அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்கத் தொடங்கினார்.

அடுத்த தவணையில் மறுபடி அல்சூருக்குப் போனார். இந்த முறை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வகுப்பில் தேறினார். பழைய பள்ளியில் இடமில்லை. தொம்மலூரில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு, நாற்பத்தொரு பிள்ளைகள்.

நன்றாகத்தான் நடத்தினார். பெயர்கள் திரும்ப வந்தன. ஆனால் காலையில் கூடத்துக்குள் நுழையும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு இருந்தது. முன்பு அது இருந்ததில்லை. அதற்குப் பயந்து வேலைகளை அளந்தே ஏற்றுக்கொண்டார். விழா, நாடகம், ஊர்வலம் என்று யார் வந்து கேட்டாலும் ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். பெரும்பாலும் அந்தப் பதில் முடியாது என்பதுதான். கர்வம் பிடித்தவர் என்று பெயர் வந்தது.

தொம்மலூருக்குப் போய் ஒரு வருஷம் கழித்து டோரீன் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப பாடம் நடத்தறது பழையபடி பிடிச்சிருக்கா?"

அவர் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"சில நாள்" என்றார்.

அவள் மடித்த துணியை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பெட்டியில் அடுக்கினார்.