லேசாகத்தான் என்று நான் சொன்னது

1

அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வக்கில்லாமல்தான் இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே தகராறு.

'பாழாய்ப்போன அந்த டாக்டர் மட்டும் ஒழுங்காக' (வேண்டாம். அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்.)

'அக்கா வீட்டுக்காரர் ஒரு நாளாவது அவளை' (அவர் பாவம். எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்.)

2

அக்காவுக்கு விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. மூன்று மாடி, லிஃப்ட் தங்க வருகிறவர்களுக்கு மட்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று விரிப்புகளை எண்ணுவாள். ஏழு விரிப்பில் எண்ண என்ன இருக்கிறது? மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான். கையில் பட்டை கட்டிப் பார்த்த பிபி கச்சிதமாக இருந்தது.

(குறிப்பு: நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் அழுத்தம் வேறு, அது கைப்பட்டையில் தெரியாது. கொஞ்சம் ஏறியிருந்தாலே இதயத்தின் வலப்பக்கம் ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், ஆயுளுக்கும் ஆபத்து கூடும். இதையெல்லாம் நான் காலம் கடந்து படித்தேன்.)

3

மூச்சு வாங்குவதற்காக இதயத்தை ஸ்கேன் செய்து எடுத்த எக்கோ அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னடா போட்டிருக்கு?"

"லேசாத்தான் ஏறியிருக்காம். அலட்டிக்காதே."

"கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கே?"

"அதெல்லாம் எல்லாருக்கும் போடறதுதான்க்கா."

நான் பத்திரிகையில் மற்றவர் எழுத்தைச் சுருக்குகிறவன். கடைசி வரிகளைப் படிக்காமலே வெட்டிப் பழகிய கை. 'மூச்சுத் திணறல் இருப்பதால் நிபுணரைப் பார்க்கவும், காரணத்தைக் கண்டறியவும்' என்பதுதான் அந்த இரண்டு வரி. அதை நான் படித்தது இரண்டு வருடம் கழித்து, அக்கா படியிலேயே மயங்கி விழுந்த பிறகு.

4

முடிவு ஒன்று: அக்கா பூரணமாகக் குணமாகி (பொய்.)

முடிவு இரண்டு: அக்கா இறந்து (என் வாயில் நல்ல வார்த்தையே வராதா?)

அக்கா பக்கத்து அறையில் இருக்கிறாள், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. "லேசா ஏறியிருக்குன்னு தம்பி அன்னிக்கே படிச்சுச் சொன்னான். நான்தான் அசட்டையா இருந்துட்டேன்" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தன்னையே திட்டிக்கொள்கிறாள். நான் ஒரு முறைகூட மறுத்ததில்லை. பாவி நான்.

நேற்று, "என்னைப் பத்தி எழுதறியாமே, படிச்சுக் காட்டு" என்றாள். படித்தேன். மூன்றாம் பகுதியை விட்டுவிட்டுப் படித்தேன்.

"நடுவுல என்னமோ குறையுதேடா."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"குடு, நானே படிச்சுக்கறேன்."

நாளைக்குத் தருகிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். இப்போது கூப்பிடுகிறாள். வாசகரே, தாள்கள் உங்கள் கையில் இருக்கின்றன. நீங்களே போய்க் கொடுத்துவிடுங்கள். என்னால் ஆகாது.