முதல் ஷிஃப்டுக்குப் போன சூசையப்பர் கோயில்

பெர்மனென்ட் ஆன மறுநாள் காலை, ஆறு மணிச் சங்கு ஊதுவதற்கு முன்பே, சூசையப்பர் கோயில் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனது. சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகுகிறவள் போலச் சுற்றுத் தாழ்வாரத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, மந்தாரக்குப்பம் சாலையில் இடது ஓரமாகவே நடந்தது. வடலூர் பஸ் ஹாரன் அடித்து முந்திச் சென்றது. சுரங்க கேட்டில் கான்ட்ராக்ட் ஆட்களின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டச் சொல்லிக்கொண்டிருந்த காவலர்கள் கோயிலைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெர்மனென்ட் ஆளை யார் தடுப்பார்கள்.

அந்தக் கோயிலை வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் இரண்டு தரம் கட்டினார். முதல் தரம் தன் நாட்டில் உள்ளதைப் போலவே ஊசிக் கோபுரமும், பனி வழுக்கி விழச் செங்குத்துக் கூரையும், திறக்க முடியாத வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுமாகக் கட்டினார். பனி வரவில்லை. சித்திரையில் பூசை பார்த்தவர்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். ஐப்பசிப் புயல் கோபுரத்தைப் பிடுங்கிப் பக்கத்து ஏரியில் போட்டது. மனிதர் ரோஷக்காரர்தான், ஆனால் அசடர் இல்லை. அடுத்த தரம் கோபுரத்தின் கழுத்தைச் சுருக்கினார். பீடம் எந்தத் திசைக்குப் போனாலும் போகட்டும் என்று வாசலைக் கடற்காற்று வரும் தென்கிழக்குக்குத் திருப்பினார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துக் கை நீளக் கனத்தில் சுவர் எழுப்பி, சூடு வெளியேற உச்சியில் துவாரங்கள் விட்டு, நாட்டு ஓடு வேய்ந்து, நான்கு பக்கமும் தாழ்வாரம் இறக்கினார். துவாரங்களில் புறாக்கள் குடிவந்தன. அதன்பின் சுவர்கள் மூச்சுவிடத் தொடங்கின. சாயங்காலம் ஒரு தரம் உள்ளே இழுக்கும். விடியற்காலையில் வெளியே விடும். சுண்ணாம்புச் சுவர் என்றால் அப்படித்தான் என்று யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அய்யனாருக்கு அந்தச் சுவர்தான் உயிர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை வாரிக் கொட்டுகிற கான்ட்ராக்ட் வேலையில் அவருடைய வாலிபம் முழுவதும் போயிற்று. நெஞ்சில் தூள் அடைத்து மூச்சு வாங்கத் தொடங்கியதும் கான்ட்ராக்டர் கேட்பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தகரக் கூரை வீட்டில் தரையில் விழுந்த மீனாகத் துடித்தவரை, மனைவி செங்கமலம் ஒருநாள் கோயிலுக்குள் தூக்கிவந்து வடக்குச் சுவரோரம் படுக்கவைத்தாள். மூச்சு சீரானது. அன்றிலிருந்து அவர் அங்கேயே கிடந்தார். அவர்கள் ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரர்கள் இல்லை. இப்போதிருந்த சாமியார் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. சூசையப்பர் உழைப்பாளிகளின் சாமி என்று கேள்விப்பட்ட காலத்திலிருந்தே அவள் புதன்கிழமை தவறாமல் வந்து, புருஷனுக்குப் பெர்மனென்ட் வாங்கித்தரச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றியவள்தான். சுற்றுவட்டாரம் முழுக்க அந்தக் கோயிலில் கேட்ட வரம் அது ஒன்றுதான்.

பிறகு அந்த நிலமும் சுரங்கத்துக்கு எடுக்கப்பட்டது. வீடுகளை அளக்க வந்த அதிகாரி கூரை வீட்டை டெம்பரரி என்றும் மாடி வீட்டைப் பெர்மனென்ட் என்றும் குறித்துக்கொண்டே வந்து, கோயில் முன்னால் தயங்கி நின்றார். ஓட்டுக் கூரை, சிமென்ட் இல்லாத சுவர். டெம்பரரிதான் என்று முணுமுணுத்தார். செங்கமலம் அவர் முன்னால் ஓடிவந்து நின்றாள். டெம்பரரி என்றால் நாளைக்கே அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

“பெர்மனென்ட்டுன்னு போடுங்க சார். உங்க காலப் புடிச்சிகினு கேக்குறேன்.”

அவர் சிரித்துவிட்டு, சிவப்புப் பெயின்ட்டில் அப்படியே எழுதிவிட்டுப் போனார். அவருக்கு அது கட்டடத்தின் வகை. அந்த வட்டாரத்திலோ அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. தலைமுறை தலைமுறையாக அதையே காதில் வாங்கிய கோயிலுக்கும் வேறு அர்த்தம் தெரிந்திருக்க நியாயமில்லை.

கேட்பாஸ் இல்லாத ஆளை உள்ளே கூட்டிப்போகக் கூடாது என்பதால், போகும்போது அய்யனாரை வெறும் மண்ணில் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டுப் போனது. ஆறிலிருந்து இரண்டு வரை அவர் வெயிலில் காற்றுக்குத் தவித்தார். செங்கமலம் ஈரச்சாக்கு கட்டினாள், விசிறினாள், மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். எதுவும் அந்தச் சுவருக்கு ஈடாகவில்லை. இரண்டேகாலுக்குக் கோயில் உடம்பெல்லாம் கரித்தூளோடு திரும்பிவந்து நின்றதும்தான் அவருக்கு முகத்தில் ரத்தம் ஓடியது. நாளுக்கு நாள் அந்த எட்டு மணி நேரத்தைத் தாண்டுவது கடினமாயிற்று. சாமியாரிடம் முறையிட்டாள், ஜெபிப்பதாகச் சொன்னார். தொழிற்சங்கத்துத் தமிழ்மாறனிடம் ஓடினாள். பெர்மனென்ட் ஆனவன் எவனாவது வேலையை விட்டதாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று அவன் வருத்தத்தோடு சொன்னான். அய்யனாரே திணறித் திணறிச் சொன்னார்: “போவட்டும் உடு. கெடச்ச வேலைய யாராச்சும் உடுவாங்களா?”

அந்தப் புதன்கிழமை கோயில் ஓவர்டைம் பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்து திரும்பியது. அய்யனாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. செங்கமலம் மெழுகுவத்தி ஏற்றவில்லை. வாசற்படியில் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாகச் சாமியிடம் குரல் உயர்த்தினாள்.

“எங்க வூட்டுக்காரருக்குத்தானய்யா கேட்டேன்? நீயே வாங்கிகினியே. இனிமே நான் யார்கிட்ட போயி கேப்பேன்?”

கோயில் மறுநாள் வழக்கம்போலக் கிளம்பிப்போய், பிற்பகல் ஷிஃப்ட் ஆட்கள் வருவதற்குள், சுரங்க விளிம்பில் முழங்கால் மடிவது போல மடிந்து, உள்ளே விழுந்தது. புழுதி மந்தாரக்குப்பம் வரை எழுந்தது. அதே நேரத்தில் அய்யனாரின் மூச்சு நின்றது. செங்கமலம் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், யாரோ பறைக்கு ஆள் அனுப்பினார்கள். பொழுது சாயும்போது பிணம் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. ஊரே காத்திருந்து பார்த்தது. விடியற்காலையில்தான் அதை வெளியே விட்டது. சுண்ணாம்பு வாசனையோடு, ஜில்லென்று.

டியூட்டியில் செத்தால் வாரிசுக்கு வேலை என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். கோயிலுக்கு வேறு நாதி இல்லாததால் ஆர்டர் அய்யனார் பெயருக்கு வந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்த டாக்டருக்குப் புறாக்கள் குனுகுவது கேட்டது. ஃபிட் என்று கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. சித்திரை வெயிலில் கான்ட்ராக்ட் ஆட்கள் தூக்கை எடுத்துக்கொண்டு அய்யனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அங்கே குளுமையாக இருக்கிறது. மூச்சில்தானே பேச்சு வரும், ஆகவே அவர் நாளுக்கு ஒரு தரம், விடியற்காலையில்தான் பேசுவார். செங்கமலம் அடுப்பைக் குறைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். பெரும்பாலும் முந்தின நாள் குழம்பில் உப்பு போதவில்லை என்பார். அவள் சரி என்று எழுந்து போவாள்.