கித்தோவின் கோயில் படிகள்

அலோசியஸ் தன் அண்ணன் யாகோப்புக்குத் தரவேண்டியிருந்தது ஆயிரத்து நூற்றெண்பது யூரோ. அண்ணன் பிராங்பேர்ட்டில் ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் கூடமொன்றில், ஆவி பறக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நாளுக்கு எட்டு மணித்தியாலம் நின்று சட்டை அழுத்திச் சேர்த்த காசு. கனடாவுக்குக் கொண்டுபோகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் அதை வாங்கிக்கொண்டு, இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் அலோசியஸையும் இன்னும் பதினொரு பேரையும் எக்குவடோரின் தலைநகர் கித்தோவில் இறக்கிவிட்டு, ஆளே இல்லாமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிராங்பேர்ட்டில் பின்னேரம் ஆறு மணிக்கு, கித்தோவில் நடுப்பகலுக்குக் கிட்ட, அலோசியஸ் அங்கே ஒரு சந்திக்கடையில் இருந்து தொலைபேசி எடுப்பான். "அண்ணை, இண்டைக்கு எங்கை போனனான் தெரியுமே?" என்றுதான் தொடங்குவான். முதல் கிழமை, மலைக்கு மேலே இருக்கிற ஊர், பத்து அடி வைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்றான். பிறகு மூச்சுப் பழகிவிட்டது. ஏணி சாய்த்து வைத்ததுபோல ஏறும் தெருக்கள், நீலக் கதவுகள், முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சோளம் சுடும் பெண்கள். ஒரு கோயிலுக்குள் கூரை வரைக்கும் பொன். இன்னொரு கோயிலின் சுவரில் ஆமையும் உடும்பும் கல்லில் எட்டிப்பார்க்கின்றன. குன்றின்மேல் செட்டை வைத்த மாதா.

"அவவுக்கு விசாப் பிரச்சினை இல்லையண்ணை, எழும்பிப் பறக்க வேண்டியதுதான்" என்று சிரித்தான்.

யாகோப்பும் சிரித்தான். ஒன்பது வயதில் மீன்பிடி வள்ளத்தில் ஏறியவனுக்குத் தமிழ் எழுத்தே அரைகுறை. நாற்பத்து மூன்றில்தான் மாலை வகுப்பொன்றில் ஜெர்மன் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தான். தம்பி தெருப் பெயர்களையும் கோயில் பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல, சட்டை மடிக்கும் மட்டையில் பென்சிலை அழுத்தி எழுதுவான். வகுப்பில் எழுதியதைவிட அந்த மட்டைகளில்தான் அவனுக்கு எழுத்து வந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு இயந்திரம் மணிக்கட்டைச் சுட்டுவிட்டது. அடுத்த நாள் சீட்டுக்காசு கட்டவேண்டும், கையில் பாதிகூட இல்லை. அந்த நேரம் பார்த்து, ஒரு முற்றத்தில் புறாக்கள் எழும்பிய அழகைத் தம்பி சொல்லத் தொடங்கினான்.

"டேய், உன்னை ஊர் பாக்க விடவே நான் காசு கட்டினனான்?"

"அண்ணை, ஒருக்காக் கேளுங்கோ…"

"ஒண்டும் கேக்கேலாது. என்ர காசைத் தந்துபோட்டு எங்கை வேணுமெண்டாலும் நட. அதுக்குப் பிறகு நீ ஆரோ, நான் ஆரோ."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அடிக்கவில்லை. மாதம் ஒருமுறை காசுதான் வந்தது. எண்பது, தொண்ணூற்றைந்து, ஒருமுறை அறுபது. ரோசம் வந்துவிட்டது, நல்லது என்று யாகோப்பு முதலில் நினைத்தான். பிறகு, காசு எடுக்கும் கடையில் புது எழுத்தில் கையெழுத்து வைக்கும்போதெல்லாம் துண்டுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான். அனுப்புகிறவன் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்காது. தானே தம்பிக்குத் தொலைபேசி எடுக்க இரண்டு மூன்று தடவை நினைத்தான். மூத்தவன் முதலில் எடுப்பதா என்று விட்டுவிட்டான்.

அடுத்த ஆண்டு மார்கழியில் ஒரு ஞாயிறு, வேலை முடிகிற நேரம், கூடத்தின் பின்கதவில் மெலிந்த ஒருவன் வந்து நின்றான்.

"பாலமுருகன், அண்ணை. கித்தோவிலை அலோவோட ஒரே அறையிலை கிடந்தனான். போன கிழமைதான் இஞ்சை வந்து சேர்ந்தனான்." உறை ஒன்றை நீட்டினான். "முப்பது யூரோ. இதோட கணக்குச் சரியெண்டு சொல்லச் சொன்னவன்."

யாகோப்பு உறையைப் பிரிக்கவில்லை. "இன்னும் ஊர் சுத்துறானோ?" என்று பகிடிபோலக் கேட்டான்.

பாலமுருகன் சிரிக்கவில்லை. "அவன் எங்கையண்ணை சுத்தினவன்? கோயில் படியிலை நில்லுங்கோ வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் ஏஜென்சிக்காரன் போனவன். அந்த ஊரிலை தெருவுக்கொரு கோயில். எந்தக் கோயிலெண்டு ஆருக்குத் தெரியும்? நாங்கள் ரெண்டு நாள் தேடிப்போட்டு விட்டிட்டம். அவன் விடேல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கோயில் விடாமல் போய்ப் படியிலை குந்தியிருந்தவன். அண்ணையின்ர காசு, அண்ணையின்ர காசு, வேறை கதையில்லை."

"எனக்கு அவன் சொல்லேல்லையே."

"சொன்னால் நீங்கள் படுக்கமாட்டியளாம். பாத்த புதினத்தை மட்டும் சொல்லுவனெண்டவன்." போகத் திரும்பிக்கொண்டு சொன்னான்: "இப்ப சந்தையிலை கிழங்கு மூட்டை தூக்கிறான். அதே தெருக்கள்தான்."

அவன் போனபிறகு யாகோப்பு அலுமாரிக்குள் கிடந்த மட்டைகளை எடுத்து, துணி மடிக்கும் மேசையில் வரிசையாகப் பரப்பினான். கோணல் எழுத்துகள். தன் எழுத்தை அவனே கூட்டி வாசித்தான். ஒவ்வொரு தெருவும் ஒரு கோயில் வாசலில் போய் முடிந்தது. அந்தப் புறாக்கள் எழும்பிய முற்றமும் கோயில் முற்றமாகத்தான் இருந்திருக்கும். எழுதியவனும் அவன், பார்க்காமல் விட்டவனும் அவன்.

ஆறு மணி. சந்திக்கடையின் பழைய இலக்கத்தை அழுத்தினான். நெடுநேரம் அடித்து, ஒரு பெண் எடுத்தாள். அவள் பேசியது விளங்கவில்லை. "அலோசியஸ்" என்றான். திரும்பவும் "அலோசியஸ்" என்றான். அவள் ஏதோ சொல்லி, வைக்காமல் ரிசீவரை எங்கோ கிடத்தினாள். தூரத்தில் அவள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. நடுப்பகல் மணி அடிக்கத் தொடங்கியது, ஒரு கோயில், பிறகு இன்னொன்று. அதற்கிடையில் கல்லில் செருப்புச் சத்தம். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியவில்லை. பிரிக்காத உறையைச் சூட்டுத் தழும்பிருந்த கையில் பிடித்தபடி, யாகோப்பு தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.