கட்டர் பார்க்கிற பக்கம்

சாந்தாவின் மேசைமேல், மெழுகில் நட்டிருந்த ஈர்க்குச்சிகளைப் பார்த்ததும் பூவராகவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா சாந்தா, கொலு வெச்சிகினு கீறியா?"

"உன் கட்டர் போற வழி அண்ணாத்த. தொடாதே."

கல்பாக்கம் போகிற சாலையிலிருந்த அந்தப் பட்டறைக்குப் புதிதாக வந்த மெஷின், துளையிட்ட காகித டேப்பைப் படித்துத் தானாகவே வெட்டும். அதை ஓட்டுபவன் படாளத்துப் பூவராகவன். டேப்புக்குக் கணக்குப் போட, டைப்பிஸ்டாக இருந்த சாந்தாவை மேனேஜர் துணிந்து மாற்றியிருந்தார். நாளை அவளுடைய முதல் டேப். ஒரே எவர்சில்வர் கட்டியில் ஒரு பம்புச் சக்கரம். கட்டி கெட்டால் வேறு கட்டி இல்லை. சாந்தா பழையபடி டைப்ரைட்டருக்குப் போக வேண்டியதுதான்.

மெஷினின் கட்டர் பருமனானது. வெட்டுகிற பள்ளத்தின் சுவரைவிட்டுத் தன் பாதி அகலம் தள்ளியே நகரும். இடுக்கான மூலையில் இடம் போதாமல் பின்னால் திரும்பிச் சுவரைக் கடித்துவிடும். அதைப் பிடிக்கத்தான், சுவர் போகிற திசைக்கு ஓர் அம்பும் கட்டர் போகிற திசைக்கு ஓர் அம்புமாகப் போட்டு வைத்திருந்தாள். இரண்டும் எதிரெதிராகப் பார்த்தால் கடி நிச்சயம். வரைபடத்தில் எல்லாம் ஒத்துப்போயின. அதே அம்புகளைத்தான் ஈர்க்குச்சிகளாக மெழுகில் நட்டிருந்தாள்.

"அப்புறம் இன்னா பேஜாரு?"

"படம் மேலேர்ந்து பாக்குது. கட்டர் சாஞ்சிகினு இல்ல பாக்குது?"

கன்னத்தை மேசையில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, பனியில் தடம் தேடும் வேட்டைக்காரனைப்போல ஒவ்வொரு குச்சியாகக் கட்டரின் கோணத்திலிருந்து பார்த்துக்கொண்டே போனாள்.

"கழுத்து சுளுக்கிக்கும். அப்புறம் நான்தான் எண்ணெ வாங்கணும்."

சக்கரத்தின் இறக்கை ஒன்றின் அடிமூலையில் இருந்த குட்டி அம்பு, மேலிருந்து பார்த்தபோது கடலோரம் வடக்கே போகும் பஸ்ஸைப்போல ஒழுங்காகப் போனது; இங்கிருந்து பார்த்தால், சுவரின் அம்புக்கு எதிராகத் தெற்கே திரும்பியிருந்தது.

"மாட்டிச்சு அண்ணாத்த."

அந்தக் குட்டி நகர்வை எடுத்துவிட்டு, இருபுறத்துக் கோடுகளையும் ஒன்றையொன்று தொடும்வரை நீட்டினாள். புது டேப் அடித்தாள்.

காலையில் அந்த மூலை வந்தபோது பூவராகவனின் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது. கட்டர் சுருள் சுருளாக உலோகச் சீவலைத் தள்ளிவிட்டுப் பேசாமல் கடந்து போனது. மேனேஜர் மூலையைத் தடவிப் பார்த்தார். அடுத்த சக்கரத்தின் வரைபடத்தைச் சாந்தாவிடமே நீட்டினார்.

மத்தியானம் சாப்பிட்டு வந்தவள் தன் மேசையருகே நின்றுவிட்டாள். பூவராகவன் கன்னத்தை மேசையில் ஒட்டவைத்துக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எண்ணெ வாங்கியாரட்டா அண்ணாத்த?"

"சும்மா இரு. அந்த அம்ப தேடிகினு கீறேன்."