ஒரு சாண், நாலு விரல்

பதினாலு இஞ்ச், பளபளக்காத ஸ்கிரீன். இந்த இரண்டையும் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிற வெற்றியிடம் போனில் சொன்னேன், மெசேஜிலும் போட்டேன், சந்தேகம் வந்து மறுபடியும் சொன்னேன். "புரிஞ்சிட்ச்சு தாயே, நீ கேட்டதுதான் தட்டுல வரும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பினேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நான் சௌமியா. எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பெண், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாவது வருஷம். வெற்றி வீடு காசிமேட்டில். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு, அவனுக்குக் கன்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: தை மாதம் கல்யாணம் ஆனாலும் நாலாவது வருஷத்தையும் காலேஜுக்குப் போய்த்தான் முடிப்பேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் வெற்றியின் அம்மா, "தாராளமா படி கண்ணு. நிச்சயத்துக்கு லேப்டாப்பே எட்த்தாரோம்" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எங்கள் குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் வரிசைத் தட்டில் லேப்டாப் வந்ததில்லை. உச்சி குளிர்ந்துபோனேன்.

எது சரிப்படும் என்று பார்த்துவர திருவொற்றியூரில் ஒரு கடைக்கு நைனாவோடு போனேன். கடலுக்குப் போகிற என் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மெஷின் பாகங்களை வரைகிற படிப்புக்குப் பெரிய ஸ்கிரீன்தான் வசதி, அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே போகிறவள் நான். பெரியதைச் சுமந்தால் தோள் கழன்றுவிடும். வரைகிற அன்றைக்கு லேபில் இருக்கும் பெரிய மானிட்டரில் மாட்டிக்கொள்ளலாம். பளபளக்கிற ஸ்கிரீன் அதைவிட மோசம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வரைபடம் தெரியாது, நம் மூஞ்சிதான் தெரியும். எங்கள் தெருவில் பறக்கிற அனல்மின் நிலையச் சாம்பல் ஒரு பொட்டு விழுந்தாலும் எடுத்துக் காட்டும்.

நைனா கையை விரித்து ஸ்கிரீனை அகலவாக்கில் அளந்தார். "இன்னா கண்ணு, பதினாலுன்றான், பன்னெண்டு இஞ்ச்தான் கீது. ஏமாத்துறானா?" என்று என் காதைக் கடித்தார்.

"மூலைக்கு மூலை அளக்கணும் நைனா."

"அட, மீன் வலையோட கண்ணு மாதிரி சொல்லு! அதயும் இஸ்து புட்ச்சு முடிச்சுக்கு முடிச்சுதான் அளப்போம்." அவருக்கு ஒரே குஷி. என் காலேஜ் பையை மேசைமேல் வைத்து அளந்தார், பிறகு லேப்டாப்பை அளந்தார். "ஒரு சாண், நாலு விரலு. சொகமா பூந்துக்கும்." கடைக்காரர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது.

நிச்சயத்தன்று வெற்றி வீட்டார் தெருமுனையிலிருந்தே மேளத்தோடு வந்தார்கள். பழம், பூ, புடவைத் தட்டுகளுக்கு நடுவில் அவன் அண்ணி ஒரு பெரிய தாம்பாளத்தை ஏந்தி வந்தாள். அதில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஸ்கிரீனில் நானும் அவனும் நிற்கிற போட்டோவை எரியவிட்டிருந்தார்கள். தாம்பாளத்து விளிம்பைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. பந்தல் துணியும் வந்தவர்கள் தலையும் அதற்குள் பளபளவென்று தெரிந்தன.

"அங்கம்மா, உன் மருமவன் டிவியே எட்த்தாந்துட்டான்டி!" என்று பக்கத்து வீட்டு கிறிஸ்டினா அக்கா என் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெற்றியைப் பந்தல் ஓரத்துக்கு இழுத்தேன்.

"இன்னா இது? நான் பதினாலு கேட்டேன்."

"தெரியும். கடைக்காரன் பதினாலத்தான் எட்த்து வெச்சான். நான்தான் வோணாம்ட்டேன். இது பதினேழு."

"ஏன்?"

அவன் ஆசையாகத்தான் சொன்னான், அதுதான் வயிற்றெரிச்சல். "வூட்ல குந்திகினு படிக்க பெர்சுதான் சோக்கு. கல்யாணத்துக்கப்புறம் நீ ஏன் பஸ்ஸுல அல்லாடணும்? ஆன்லைன்ல இன்னான்னாவோ கோர்ஸ் கீதாம், அம்மா விசாரிச்சிட்ச்சு."

பெண் பார்த்த அன்றே இதை முடிவு பண்ணியிருக்கிறார்கள். பாவி, என்னிடமே அளவு கேட்டு, நான் சொன்ன அளவு எதற்கு என்று புரிந்துகொண்டு, வேண்டுமென்றே மற்றதை வாங்கியிருக்கிறான்.

உள்ளே போய்க் காலேஜ் பையை எடுத்து வந்தேன். எல்லோர் முன்னாலும் புத்தகங்களைப் பாயில் கொட்டினேன். லேப்டாப்பை மூடப்போனதும், "ஐயோ, அணைக்காத கண்ணு, நல்லது நடக்கற நேரத்துல!" என்று ஒருத்தி பதறினாள். மூடினேன். பைக்குள் திணித்தேன். பாதிக்கு மேல் போகவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். "அதுக்கு எதுக்கும்மா பையி? அது எங்க வூட்ட வுட்டு எங்க போவப்போவுது?" என்றாள் வெற்றியின் அம்மா. லேப்டாப்பை என் கையிலிருந்து வாங்கி, திறந்து, தாம்பாளத்தில் பழையபடி வைத்தாள். ஸ்கிரீன் பாஸ்வேர்டு கேட்டது. வெற்றி வந்து தட்டினான். எனக்கு வந்த லேப்டாப்புக்கு அவன் பாஸ்வேர்டு.

"மாரியப்பா, தட்ட மாத்திக்கலாமா?" என்று நைனாவைக் கேட்டார் ஊர்ப் பெரியவர்.

நான் நைனாவைப் பார்த்தேன். இன்னொருத்தன் படகு தன் வலைமேல் ஏறினால் கரைக்கே கேட்கிற மாதிரி கத்துகிற மனுஷன் அவர். குனிந்து லேப்டாப்மேல் கையை விரித்தார். ஒரு சாண். கையை நகர்த்தினார், இரண்டாவது சாணும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாயில் கிடந்த பையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. சொல்லு நைனா, இப்ப சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

நைனா பந்தல் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார்.

"கொஞ்சம் பெர்சா பூட்ச்சு" என்றார். "பரவால்ல கண்ணு, வேற பை வாங்கிக்கலாம்."

தட்டை வாங்கிக்கொண்டார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தட்டு மாற்றுவதற்கு என் கை தேவையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேளம் அடித்தார்கள்.

பாயில் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். போட்டோக்காரர் கூப்பிட்டார். "இன்னிக்காவது அத்த ஓரமா வையேன்டி" என்று அம்மா பையைப் பிடுங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. பட்டுப்புடவைமேல் பையை மாட்டிக்கொண்டுதான் வெற்றி பக்கத்தில் போய் நின்றேன்.