நவுன், வெர்ப், ஒரு ஜன்னல்

மத்தியானச் சாப்பாடு முடிந்து தையல்காரியின் கடையில் ஆள் நடமாட்டம் ஓய்கிற நேரம் பார்த்துப் போன் அடிக்கும். அடித்ததும் நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டு, "அண்ணி, வாத்தியார் வந்தாச்சு" என்பாள். வாத்தியார் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன்தான். தையல்காரியைக் கட்டிக்கொண்ட புண்ணியவான். கடல் தாண்டிப் போய், ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கிடைக்கிற இடைவேளை இவர்களுடைய மத்தியானத்தில் வந்து விழும்.

போனை எடுத்ததும் எப்படி இருக்கே, உடம்பு பரவாயில்லையா என்று விசாரிப்பதெல்லாம் அவரிடம் கிடையாது.

"நவுன்னா என்ன?"

"ஒரு ஆளு, இடம், பொருள், இதுங்களோட பேரைச் சொல்ற சொல்லு."

"ப்ரொநவுன்?"

"நவுனுக்குப் பதிலா வந்து நிக்கிறது. ஹீ, ஷீ, இட்."

"வெர்ப்?"

"செய்யற வேலையைச் சொல்றது. ஓடு, தின்னு, தூங்கு."

"கன்ஜங்ஷன்?"

"ரெண்டைச் சேர்த்துத் தைக்கிறது."

"தைக்கிறதுன்னு எவன் சொன்னான்? இணைக்கிறதுன்னு சொல்லு. நாளைக்கு டென்ஸ் கேப்பேன். வெச்சிடறேன்."

வைத்தும்விடுவார். தையல்காரி பாதி பிரித்த பேண்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் நின்றுபோன போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பாள். நாத்தனார் அதைப் பார்க்காதது போல மிஷினை மிதிப்பாள். அந்தப் பெண்ணுக்கு வாய்தான் நீளமே தவிர மனசு தங்கம்.

புதுத்துணி தைக்கிற கடை இல்லை அது. நீளமானதைக் குறைப்பது, இறுக்கமானதைத் தளர்த்துவது, பல் போன ஜிப்பை மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. வயிறு முன்னால் வந்துவிட்டதை ஒப்புக்கொள்ள மனமில்லாத ஆண்கள், "துணி சுருங்கிடுச்சும்மா" என்று கூசாமல் சொல்லிக்கொண்டு வருவார்கள். தையல்காரியும் ஆமாம், இந்தக் காலத்துத் துணியே இப்படித்தான் என்று தலையாட்டிவிட்டு இடுப்பைத் தளர்த்திக் கொடுப்பாள். ஆனால் முதலில் தைத்தவன் உள்மடிப்பில் துணி விட்டிருந்தால்தானே தளர்த்த முடியும்? ஒட்ட வெட்டித் தைத்திருப்பதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாளைக்கு உடம்பு எப்படி மாறும்னு இவனுக்கு யாரு சொன்னது? கொஞ்சம் துணி விட்டா கையா தேஞ்சிடும்?" என்று முகம் தெரியாத அந்தத் தையல்காரனைப் பிடி பிடியென்று பிடிப்பாள்.

அவர் இருக்கிற நாட்டில் பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் பெண்டாட்டிக்குக் கொஞ்சமாவது ஆங்கிலம் பேச வர வேண்டும். இங்கேயே ஒரு அலுவலகத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். பாஸ் ஆனால் போகலாம். அவர் தன்னுடைய காகிதங்களுக்காக ஒரு காலத்தில் எழுதின பரீட்சையில் நவுனும் வெர்புமாகத்தான் வந்ததாம். அதைக் கரைத்துக் குடித்துத் தேறியவர் என்பதால், ஆங்கிலம் என்றாலே அவருக்கு அதுதான். "நீ பாஸ் ஆகற வரைக்கும் போன்ல வீட்டுப் பேச்சு வேண்டாம். பேச ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது" என்று முதலிலேயே சட்டம் போட்டுவிட்டார்.

அவளும் சரியென்றாள். பாஸ் ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆயுசுக்கும் பேசிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

முதல் பரீட்சையில் நடந்ததை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. எதிரே ஒல்லியான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நேற்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் மெதுவாக, பிரியமாகத்தான் கேட்டார். தையல்காரிக்குக் கேள்வி புரிந்தது. புரிந்ததும் வாய் தன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது.

"எஸ்டர்டே இஸ் அட்வெர்ப், சார். யூ இஸ் ப்ரொநவுன். டூ இஸ் வெர்ப்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். "ஃபேமிலி இஸ் நவுன், சார்." கணவர் என்ன வேலை செய்கிறார்? "ஹஸ்பெண்ட் இஸ் ஆல்சோ நவுன்." பாவம் அந்த மனிதர். அவள் சொன்ன எதிலும் தப்பு இல்லை, அவர் கேட்ட எதற்கும் பதிலும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டே ஃபெயில் போட்டார்.

கணவரிடம் ஃபெயில் என்று மட்டும் சொன்னாள். அவர் பாடத்தை இரண்டு மடங்காக்கினார். இன்னொரு வாய்ப்புத்தான் பாக்கி. அதிலும் கோட்டை விட்டால் மனுவே தள்ளுபடியாகி, எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் எத்தனை வருடம் ஓடுமோ.

நாத்தனாரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாள்.

"அண்ணி, நீங்க அங்க போய் அண்ணன்கூடக் குடும்பம் நடத்தப் போறீங்களா, இல்ல அவரை நவுனு வெர்புன்னு பிரிச்சு வெக்கப் போறீங்களா? அவரு என்ன சாப்பிடறாரு, எங்க தூங்கறாரு, ஏதாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. பாடம் நடக்கும்போது அவள் பாதி காதால்தான் கேள்வியைக் கேட்பாள். மீதிக் காது அவருக்குப் பின்னால் கேட்கிற சத்தங்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு கதவு சாத்தினால், எந்தக் கதவு என்று நினைப்பாள். யாரோ இருமினால், அது யாரென்று நினைப்பாள். கூடவே வாழ்ந்த மனிதர் கழுத்தைச் சொடுக்கிக்கொள்கிற சத்தம் ஒருநாள் கேட்டுவிட்டது. அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அந்தக் கழுத்தைப் பிடித்துவிட வேண்டும் போலக் கை துடித்தது.

மறுநாள் போன் வந்தது.

"பாஸ்ட் டென்ஸ்னா என்ன?"

"முடிஞ்சுபோனது. ஏங்க, உங்க ரூமைப் பத்திச் சொல்லுங்க."

"ரூம்னா நவுன்."

"அது எனக்கும் தெரியும். அதுல என்ன இருக்கு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? பாடத்தைக் கவனி."

"இதுதாங்க பாடம். அங்க போய் நவுன்னா என்னன்னு கேக்க மாட்டாங்க. நான் போன தடவை அதைத்தான் சொல்லி ஃபெயில் ஆனேன். நீங்க சொல்றதை நான் இங்கிலீஷ்ல திருப்பிச் சொல்றேன். சொல்லப் போறீங்களா, நான் வெக்கட்டுமா?"

அவள் வைக்கட்டுமா என்று கேட்டது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.  அவர் ஈனக் குரலில், "ஒரு ஜன்னல் இருக்கு" என்றார்.

"தேர் இஸ் எ விண்டோ."

"எ, அது ஆர்ட்டிகிள்."

"இருந்துட்டுப் போகட்டும். அப்புறம்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. நாளுக்கொரு சாமானாக அந்த அறை தையல் கடைக்குள் வந்து சேர்ந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. துணி மாட்ட ஒரு ஆணி. அடுப்பு சின்னதுதான், ஆனால் நன்றாக எரியும். அவள் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எடுத்து வைப்பாள், தடுக்கினால் நின்று மறுபடி எடுப்பாள். சேர் இஸ் நியர் தி விண்டோ. ஒருநாள், "ரெண்டு தட்டு இருக்கு" என்றார்.

"ஒத்தை ஆளுக்கு ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு உனக்கு."

அதை ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்கு உடனே வரவில்லை.  நாத்தனார் எழுந்துபோய், இஸ்திரிப் பெட்டி சூடாகியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஜன்னல் இருந்தால் திரை வேண்டும். தையல்காரிக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? "அளவு சொல்லுங்க" என்றாள். சொன்னார். வெட்டுகிற மேஜையின் ஓரத்தில் சாக்பீஸால் குறித்துவைத்தாள். நாத்தனார் மேஜையைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டதால் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை ஜன்னல் ஒரு சாண் அகலமாகிவிட்டது. அவள் அதையும் குறித்துக்கொண்டாள். சில நாள் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை கேட்டாள். இப்போது உயரத்தில் பாதி காணாமல் போயிருந்தது. வெளியே என்ன தெரியுது என்று கேட்டால் ஒருநாள் மரம் என்றார், இன்னொரு நாள் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் என்றார்.

நாள் முழுக்க அளவோடு புழங்குகிறவள் அவள். டேப் வைத்துப் பார்த்து ஒருவர் சொல்கிற அளவும், வாய்க்கு வந்ததைச் சொல்கிற அளவும் அவளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். அந்த ஜன்னல் இல்லை. நாற்காலியும் இல்லை, ஆணியும் இல்லை. பாடம் பாடம் என்று அந்த மனிதர் ஏன் அத்தனை நாள் தன்னை வாயைத் திறக்கவிடவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குக் கோபமே வரவில்லை. அவரை உடனே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது.

மறுநாள் நீல நிறத்தில் துணி எடுத்து வந்து விரித்தாள்.

"எந்த அளவுக்கு வெட்டறீங்க அண்ணி? அண்ணன் நாளுக்கு ஒண்ணு சொல்றாரே?" என்றாள் நாத்தனார்.

"பெரிசாவே வெட்டறேன்" என்றாள். தைத்து முடித்த அன்றைக்கே போனில் அவரிடமும் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது பரீட்சையில் கேள்வி கேட்டது மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். தையல்காரிக்குச் சொல்ல வீடா இல்லை? நாத்தனாரோடு இருக்கிற வீடு இருக்கிறது. அதன் ஒவ்வொரு மூலையும் தெரியும். ஆனால் வாயில் வந்தது அந்த இல்லாத அறைதான். எத்தனை மத்தியானங்கள் அதில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்!

"தேர் இஸ் எ விண்டோ. சேர் இஸ் நியர் தி விண்டோ. மை ஹஸ்பெண்ட் சிட்ஸ் தேர். ஸ்டவ் இஸ் ஸ்மால், பட் குட். தேர் ஆர் டூ ப்ளேட்ஸ்."

நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள், இரண்டாவது தட்டு யாருக்கு என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஃபார் மீ" என்றாள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்ததால், "ஐ ஆம் ஹியர். மை ப்ளேட் இஸ் தேர்" என்றாள். அதற்கு மேல் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. அந்த அம்மாள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, மேஜைக்கு இந்தப் பக்கமாகத் தள்ளினார்.

மத்தியானம் போன் அடித்தபோது நாத்தனார் வாத்தியார் என்று கேலி பண்ணவில்லை. "எடுங்க அண்ணி, எடுங்க" என்று பறந்தாள்.

"பாஸ்" என்றாள் தையல்காரி.

 அந்தப் பக்கம் ரொட்டி மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, கேக்குதா? பாஸ் ஆயிட்டேன். வரப்போறேன்."

"கேக்குது" என்றவர், "அந்த ரூமு..." என்று இழுத்தார்.

"ம்."

"அப்படி ஒரு ரூமே இல்ல. ஒரு ஹால்ல அடுக்குக் கட்டில் போட்டு எல்லாரும் படுத்திருக்கோம். நான் மேல் கட்டில். ஜன்னலே கிடையாது." குரல் உடைந்தது. "எங்க இருக்கேன்னு நீ கேட்டுடுவியோன்னு பயந்துதான் பாடமா நடத்திக்கிட்டிருந்தேன். நீ கேட்டதும் வாயில வந்ததையெல்லாம் சொல்லிட்டேன். தட்டு மட்டும் நிஜம். வாங்கிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன்."

"தெரியுங்க."

"எப்படித் தெரியும்?"

"ஒரே ஜன்னல் மூணு தடவை மூணு அளவுல இருக்குமா? யார்கிட்ட கதை விடறீங்க?"

அவர் அழுகையோடு சிரித்தார். அவள் பொறுக்கிப் பொறுக்கிக் காது கொடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதர் முழுசாக அப்போதுதான் போனில் வந்தார்.

"தெரிஞ்சுமா திரை தெச்சே?"

தையல்காரி மடியில் கிடந்த நீலத் துணியின் ஓரத்தைத் திருப்பி, உள்மடிப்பை விரலால் நீவிப் பார்த்தாள்.

"நாலு பக்கமும் உள்ள துணி விட்டுத் தெச்சிருக்கேன். நீங்க ஜன்னல் இருக்கற ரூமாப் பாருங்க, அது போதும். எந்த அளவா இருந்தாலும் அங்க வந்து பிரிச்சு விட்டுக்கலாம்."