இரண்டிலிருந்து எட்டு டிகிரி வரை

முன்னோக்கி நகரும் விந்தணுக்கள், இரண்டு சதவீதம். பரிசோதனை அறிக்கையில் அவன் படித்தது அந்த ஒரு வரியைத்தான். மூன்று வாரமாக அது அவனோடு வண்டியில் வந்தது, சிக்னலில் நின்றது, சாப்பிட உட்கார்ந்தது.

எண்ணிக்கையில் குறையில்லை. கோடிக்கணக்கில் இருந்தன. ஆனால் ஒரு பெரிய நகரத்தின் ஜனங்களெல்லாம் நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிட்டதுபோல அசையாமல் கிடந்தனவாம். "ஒவ்வொண்ணோட கழுத்துக்குக் கீழயும் மைட்டோகாண்ட்ரியா சுத்தியிருக்கும். நீந்துறதுக்கு அதுதான் சக்தி குடுக்கும், என்ஜின் மாதிரி. உங்களுக்கு அது சரியா ஓடலபோல" என்றார் டாக்டர். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அப்போதும் இப்படியே இருந்தால் வேறொருவரின் விந்தணுவை வைத்து முயலலாம் என்றார்.

மனைவி உடனே சரியென்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "எனக்கு முப்பத்தெட்டு முடியப்போகுது. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்."

அவன் சிரித்தான். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றான்.

இரண்டாவது பரிசோதனைக்கும் வீட்டிலிருந்தே மாதிரியைக் கொண்டுபோனான். ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது விதி. அவன் நாற்பது நிமிடத்தில் சேர்த்துவிட்டான். பரிசோதனைக்கூடத்தின் சின்ன ஜன்னல் வழியே நீலப் பெட்டியை நீட்டினான். உள்ளே இருந்த பெண் மூடியைத் திறந்தாள். பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே குப்பி இருந்தது.

"இது என்ன சார்?"

"நாலு டிகிரி மேடம். வழியில ஒரு புள்ளிகூட ஏறல. தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கு, பாருங்க."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"தடுப்பூசி வண்டி ஓட்டுறேன். பன்னெண்டு வருஷம்." அவன் நிமிர்ந்து நின்றான். "ரெண்டுலேர்ந்து எட்டு. எட்டத் தாண்டிச்சுன்னா மொத்தமும் குப்பைதான். என் வண்டில இதுவரைக்கும் ஒரு குப்பிகூட வீணானதில்ல."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

"போன தடவையும் இப்படித்தான் கொண்டுவந்தீங்களா?"

"ஆமா, அப்ப குப்பிய மட்டும் எடுத்து நீட்டினேன். போன தடவை மூணு டிகிரி."

அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்தாள், சிரிப்பை அடக்கத்தான் இருக்க வேண்டும். "சார், இதை உடம்புச் சூட்டுலதான் கொண்டுவரணும். சட்டைக்குள்ள வெச்சு. நாங்க குடுத்த பேப்பர்ல போட்டிருக்கே, படிக்கலையா? குளிர்பட்டா அதுங்க விறைச்சுப்போகும், மறுபடி சூடாக்கினாலும் பழையபடி நீந்தாது. மூணு நாள் கழிச்சு வாங்க. இந்தத் தடவை இங்கேயே, பக்கத்து ரூம்ல."

அவன் படிக்கவில்லை. குப்பியை எப்படிக் கொண்டுபோவது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "மூணு வாரம்! மூணு வாரமா நான் உங்க முகத்தப் பாக்காம சோறு போட்டிருக்கேன். ஐஸ் வெச்சீங்களா? அதுக்கு ஐஸா?"

"பழக்கம்."

"நல்லவேளை, என்னையும் பெட்டில போட்டு மூடல."

அந்த மூன்று நாட்கள்தான் மிக மோசம். இரண்டு சதவீதம் என்று தெரிந்திருந்தபோது துக்கம் ஓரிடத்தில் அடங்கிக் கிடந்தது. இப்போது அது எழுந்து வீடெங்கும் நடமாடியது. குளிரால்தான் என்றால் பிழைத்தான். குளிரால் இல்லை என்றால், அதே எண்ணை அவள் முன்னால் இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டாவது நாள் வண்டியைத் தவறான மருத்துவமனையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

நான்காம் நாள் இருவரும் போனார்கள். பக்கத்து அறையிலிருந்து வந்து அவன் குப்பியை ஜன்னலில் கொடுத்தான். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டு, நுண்ணோக்கியோடு இணைத்திருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"இருபத்தொண்ணு."

"அது நல்லதா, கெட்டதா?" என்றாள் மனைவி.

"முப்பதாவது இருந்தா நிம்மதி. ரெண்டுன்னு வந்ததுக்குக் குளிர்தான் காரணமா இருக்கும். இந்த மந்தத்துக்கு வேற ஏதாவது காரணம் இருக்கலாம். சிகரெட் உண்டா சார்?"

"ஒரு நாளைக்கு எட்டு" என்றாள் மனைவி, அவன் வாயைத் திறப்பதற்குள்.

"அது அதுங்க நீந்துற என்ஜினையே கெடுக்கும். ஆனா இன்னிக்கே விட்டாலும் புதுசா உருவாகி வெளிய வர மூணு மாசம் ஆகும். இனிமே உருவாகப்போறது இன்னும் கெடல. டாக்டர்கிட்ட பேசுங்க. காத்திருக்கிறதா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும்."

அவன் மனைவியைப் பார்க்கப் பயந்து திரையைப் பார்த்தான். சில நின்றிருந்தன. சில ஒரே இடத்தில் வட்டமடித்தன. சில மட்டும், வழி தெரிந்தவைபோல, சாய்வாகப் போயின. மூன்று மாதத்தில் அவளுக்கு முப்பத்தொன்பது ஆகிவிடும். அதை அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"மூணு மாசம்" என்றாள் அவள். "ஒரு நாள்கூட அதிகமில்ல. அப்புறம் டாக்டர் சொன்ன வழிதான். நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

அவள் திரைக்கு அருகில் குனிந்து, நேராகப் போகும் ஒன்றின்மேல் விரல் வைத்தாள். அது தயங்கியது. நின்றுவிட்டதோ என்று அவன் மூச்சைப் பிடித்தான். வால் துடித்தது, மறுபடி நகர்ந்து திரையின் ஓரத்துக்குப் போனது.

"போகுது, போகுது! மேடம், கொஞ்சம் நகத்துங்க" என்றாள்.

அந்தப் பெண் நுண்ணோக்கியின் திருகைத் திருப்பினாள். திரை முழுக்கப் புதிய கூட்டம் வந்தது.

"எது அது?" என்றான் அவன்.

"பேசாம இருங்க, தேடிட்டிருக்கேன்."